கீமோ நேரத்தில் பத்தியம் வேண்டாம்: திருமங்கலத்துத் தங்கைக்கு ஒரு பதில்

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார். அவருடைய அக்காவுக்கு வயது 46. மார்பில் கட்டி வந்து இடது மார்பை எடுத்தாகிவிட்டது. இப்போது மதுரையில் கீமோ நடக்கிறது. 21 நாளைக்கு ஒன்றாக நான்கு சிவப்பு ஊசி, அப்புறம் வாரம் ஒன்றாக 12 ஊசி என்று சொல்லியிருக்கிறார்கள். சிவப்பு ஊசி இரண்டு முடிந்துவிட்டது. முடி முழுக்கக் கொட்டிவிட்டது. உடம்பு இளைத்துப்போகும் என்று எல்லோரும் சொல்லியிருக்க, எடையோ மூன்று கிலோ கூடியிருக்கிறது. மாமியார் கறி, மீன், முட்டை, பால், தயிர், சீனி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அரிசிக் கஞ்சியும் பப்பாளி இலைச் சாறும் கொடுக்கிறார். அக்காவும் "ஏற்கெனவே ஊதிட்டேன், சோறே வேண்டாம்" என்கிறார். கண்ணாடி முன்னால் நிற்பதில்லை, வாசலுக்கு வருவதில்லை. என்ன கொடுப்பது, என்ன சொல்வது என்று தங்கை கேட்கிறார்.

மதுரையில் புற்றுநோய் நோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொல்லும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கும் பெண்களிடம் சாப்பாட்டுக் கவலையும் உடம்பைப் பற்றிய வருத்தமும் பிரிக்க முடியாமல் கலந்தே வரும். தன் உடம்பைப் பார்க்கப் பிடிக்காதவர் அதற்குச் சோறு போடவும் விரும்புவதில்லை. அதனால் இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

முதலில் எடை. புற்றுநோய் என்றாலே ஆள் உருகிப்போவார் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். உணவுக்குழாய், வயிறு, கணையம் போன்ற இடங்களில் வரும் நோய்க்கு அது பெரும்பாலும் சரி. மார்பகப் புற்றுநோயில் கீமோ நேரத்தில் சில கிலோ கூடுவதுதான் அதிகம் நடப்பது. காரணங்கள் பல. ஊசிக்கு முன்னால் வாந்தியும் ஒவ்வாமையும் வராமல் இருக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். அது பசியைத் தூண்டும், உடம்பில் நீரைத் தேக்கும், முகத்தை உப்பவைக்கும். அக்காவின் வயதில் கீமோ மருந்து சினைப்பையையும் பாதிக்கும். மாதவிடாய் நின்றுபோகும், உடம்பில் திடீரென்று அனல் அடிக்கும், இடுப்பைச் சுற்றிச் சதை போடும். அசதியில் நாள் முழுக்கப் படுத்தே இருப்பது வேறு. ஆக அந்த மூன்று கிலோ அக்கா அதிகமாகச் சாப்பிட்டதால் வந்தது என்று யாரும் சொல்ல வேண்டாம். அக்காவும் அப்படி நினைக்க வேண்டாம்.

இதில் வெளியே தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. எடை கூடும்போதே தசை குறையும். தராசில் மூன்று கிலோ கூடியிருந்தாலும் உள்ளே கொழுப்பும் நீரும் ஏறி, தொடையிலும் கையிலும் தசை கரைந்திருக்கலாம். தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழுந்திருக்க முடியவில்லை, மாடிப்படி ஏறினால் கால் நடுங்குகிறது என்றால் அதற்கு இதுவும் காரணமாக இருக்கும். இந்த நிலையில் பட்டினி கிடந்தால் முதலில் போவது தசைதான். தசை குறைந்தவர்களுக்கு மருந்தின் பக்கவிளைவுகளும் அதிகமாக வருகின்றன. பக்கவிளைவு அதிகமானால் ஊசி தள்ளிப்போகும், சிலருக்கு அளவைக் குறைக்க வேண்டிவரும். திட்டமிட்ட ஊசி திட்டமிட்ட நாளில் முழு அளவில் போய்ச் சேர வேண்டும். அக்காவின் சாப்பாட்டுக்கு இப்போதைக்கு இருக்கும் பெரிய வேலை அதுதான். இளைப்பதை ரேடியேஷனெல்லாம் முடிந்தபின் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். அப்போது எடையைக் குறைப்பது உடம்புக்கும் நல்லது. இப்போது எடை மேலும் ஏறாமல் நிறுத்தினால் போதும்.

ஊசிக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் எடை பார்ப்பது எதற்கு என்று பலருக்குத் தெரிவதில்லை. உயரத்தையும் எடையையும் வைத்துத்தான் மருந்தின் அளவைக் கணக்கிடுகிறார்கள். அந்த எண் நர்ஸுக்கும் டாக்டருக்கும் தேவை. அக்காவுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் "எனக்குச் சொல்ல வேண்டாம், குறித்துக்கொள்ளுங்கள்" என்று கேட்கலாம். அதில் தவறில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: ஓரிரு நாளில் இரண்டு கிலோ ஏறினால், கால் வீங்கினால், படுத்தால் மூச்சு வாங்கினால் அதைச் சதை என்று விட்டுவிடக் கூடாது. சிவப்பு ஊசியான டாக்ஸோரூபிசின் சிலருக்கு இதயத்தைப் பாதிக்கும். இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ எடுக்கச் சொல்வது அதனால்தான். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

சரி, பத்தியத்துக்கு வருவோம். அத்தையின், அதாவது அக்காவின் மாமியாருடைய, அக்கறையை நான் குறை சொல்லவில்லை. அம்மைக்கும் மஞ்சள்காமாலைக்கும் பிரசவத்துக்கும் பத்தியம் பார்த்துப் பார்த்துத்தான் நம் வீடுகளில் பெண்கள் நோயாளியைக் கவனித்திருக்கிறார்கள். ஆனால் கீமோவின் கணக்கு வேறு. வாயின் உள்தோல், குடலின் உள்தோல், எலும்பு மஜ்ஜை என்று வேகமாகப் பெருகும் செல்களை அந்த மருந்து ஒவ்வொரு தடவையும் அழிக்கிறது. அடுத்த ஊசிக்குள் உடம்பு அத்தனையையும் திரும்பக் கட்ட வேண்டும். கட்டுவதற்குப் புரதம் வேண்டும். கீமோவில் இருப்பவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை என்று கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 72 முதல் 90 கிராம். மூன்று வேளையும் அரிசிக் கஞ்சி மட்டும் குடித்தால் 10 கிராம் தேறுவதே கஷ்டம். எவ்வளவு பெரிய பள்ளம் என்று பாருங்கள்.

அதை நிரப்ப விலை உயர்ந்த புரதப் பவுடர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. வீட்டில் இருப்பதே போதும். காலையில் இரண்டு இட்லி, பருப்பு கெட்டியாகப் போட்ட சாம்பார், நன்றாக வெந்த முட்டை இரண்டு என்றால் 20 கிராம் வந்துவிடும். முட்டை ஒன்றில் 6 கிராம் இருக்கிறது. பதினோரு மணிக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலோ பாசிப்பயறோ கொடுத்தால் இன்னும் 7, 8 கிராம். மதியம் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, பருப்பும் 100 கிராம் மீனும் ஒரு கிண்ணம் தயிரும் சேர்த்தால் 30 கிராமைத் தாண்டும். சாயங்காலம் ஒரு டம்ளர் பாலும் ஒரு கைப்பிடி அவித்த கடலையும். இரவு இரண்டு தோசைக்குத் தேங்காய்ச் சட்னிக்குப் பதிலாகப் பாசிப்பயறுக் குழம்பு. மொத்தம் 80ஐத் தாண்டிவிடுகிறது. இதில் எங்கேயும் வயிறு முட்டச் சாப்பிடவில்லை, எண்ணெயில் பொரிக்கவில்லை. எடையும் இதனால் ஏறாது.

கவுச்சி வேண்டாம் என்று இருக்கும் நாளில் மீனுக்குப் பதில் சோயா உருண்டை போடுங்கள். காய்ந்த உருண்டை 25 கிராம் எடுத்தாலே 12, 13 கிராம் புரதம் கிடைக்கும். சோயாவில் பெண் ஹார்மோன் இருக்கிறது, மார்பகப் புற்றுநோய்க்கு ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. உணவாகச் சாப்பிடும் அளவில் அது பாதுகாப்பானதே. மாத்திரையாகவோ சாறு எடுத்த பவுடராகவோ விற்பதைத்தான் தவிர்க்கச் சொல்வோம். பிராய்லர் கோழி பற்றியும் கேட்பார்கள். நாட்டுக்கோழி கிடைத்தால் சமையுங்கள், கிடைக்காவிட்டால் பிராய்லரை நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். கோழியே இல்லாமல் இருப்பதைவிட அது மேல்.

ஆட்டுக்கால் சூப் பற்றி ஒரு வார்த்தை. மதுரையில் உடம்பு சரியில்லாதவர் வீட்டுக்குக் கால் சூப் போகாமல் இருக்காது. சூடாக, தொண்டைக்கு இதமாக, கொஞ்சம் பசியைக் கிளப்பும். நல்லதுதான். ஆனால் அதில் கரைந்திருக்கும் புரதம் பெரும்பாலும் தசை கட்ட உதவாத வகை. கறியை வடிகட்டிவிட்டுத் தண்ணீரை மட்டும் நோயாளிக்கு ஊற்றி, "சத்தெல்லாம் சூப்பில் இறங்கிருச்சு" என்கிறார்கள். சத்து கறியில்தான் நிற்கிறது. கறியையும் மசித்து அதே கிண்ணத்தில் போடுங்கள். சுவரொட்டியும் ஈரலும் இரத்தம் ஊறும் என்று வாங்குகிறார்கள். இரும்புச்சத்து உள்ளவைதான், வாரம் ஒரு முறை நன்றாக வேகவைத்துக் கொடுக்கலாம். ஆனால் கீமோவில் இரத்தம் குறைவது மஜ்ஜை அடிவாங்குவதாலும்தான். ஹீமோகுளோபின் ரொம்பக் கீழே போனால் சுவரொட்டியையும் பீட்ரூட்டையும் நம்பி உட்கார்ந்திருக்காமல் டாக்டர் சொல்லும் ஊசியையோ இரத்தத்தையோ ஏற்றிக்கொள்ள வேண்டும்.

சீனி புற்றுநோய்க்குத் தீனி என்று எல்லோரும் சொல்கிறார்கள். புற்றுநோய் செல் குளுக்கோஸை அதிகமாக இழுக்கும் என்பது உண்மை. நோய் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் பெட் ஸ்கேன் எடுப்பதே அதை வைத்துத்தான். ஆனால் மூளையும் தசையும் உட்பட உடம்பின் மற்ற செல்களும் குளுக்கோஸைப் பயன்படுத்துகின்றன. நீங்கள் சீனியே கொடுக்காவிட்டாலும் உடம்பு சோற்றிலிருந்தோ தன் தசையை உருக்கியோ குளுக்கோஸைச் செய்துகொள்ளும். பட்டினி போட்டுக் கட்டியை மட்டும் சாகடிக்க முடியாது. அக்காவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் விஷயம் வேறு. ஸ்டீராய்டு போடும் நாட்களில் சர்க்கரை எகிறும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது இல்லாதவர் காலையில் ஒரு காபிக்கு ஒரு கரண்டி சீனி போட்டுக் குடிப்பதால் நோய் வளராது. ஜாங்கிரியும் பாட்டில் குளிர்பானமும் எடையை ஏற்றும் என்பதால் குறைக்கச் சொல்வேன், அவ்வளவுதான்.

பப்பாளி இலைச் சாற்றை நிறுத்திவிடுங்கள். டெங்கு வந்தபோது தட்டணு ஏறும் என்று பழகிப்போன மருந்து அது. அக்காவுக்குப் போடும் ஊசிகளில் பெரும்பாலும் ஆபத்தான அளவுக்கு இறங்குவது வெள்ளை அணுக்கள். அதற்கு இலைச் சாறு எதுவும் செய்யாது. வேகவைக்காத இலையை இடித்துப் பிழிவதால் கிருமி உள்ளே போகும், வாந்தியும் கூடும். முள்சீத்தா இலைக் கஷாயம் இன்னும் மோசம். அதில் இருக்கும் அன்னோனாசின் என்ற பொருள் நரம்பைப் பாதிக்கக்கூடியது, அக்காவுக்கு அடுத்து வரப்போகும் ஊசியும் நரம்பைத் தொடும் ஊசி. சமையலுக்குப் போடும் மஞ்சள் தூளால் தீங்கில்லை. மஞ்சள் மாத்திரை, சூரணம், லேகியம் எதுவானாலும் டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். ஈரலில்தான் கீமோ மருந்தும் கரைகிறது, அதே ஈரலில் இன்னொரு சுமையை ஏற்ற வேண்டாம்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய நாட்கள் என்று சில உண்டு. ஊசி போட்ட நாளிலிருந்து எண்ணினால் ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை கவுண்ட், அதாவது வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, மிகவும் கீழே இருக்கும். அந்த நாட்களில் பழைய சோறு, அரைவேக்காட்டு முட்டை, முளைகட்டிய பச்சைப்பயறு, காய்ச்சாத பால், கடையில் நறுக்கி வைத்த பழம், தள்ளுவண்டிச் சட்னி, வெளியே ஐஸ் போட்டுத் தரும் ஜிகர்தண்டா எதுவும் வேண்டாம். வீட்டில் கழுவித் தோல் உரித்த வாழைப்பழம், மாதுளை, ஆரஞ்சு தாராளமாகச் சாப்பிடலாம். பழமே கூடாது என்று நிறுத்தத் தேவையில்லை. காய்ச்சிய பாலில் வீட்டில் உறைய வைத்த தயிரும் பெரும்பாலோருக்குச் சரி. சமைத்ததை அன்றே சூடாகச் சாப்பிட வேண்டும், குழம்பை மூன்று நாள் சுடவைத்துக்கொண்டிருக்கக் கூடாது. காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். பாரசிட்டமால் போட்டுக் காலைவரை பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் இருக்கட்டும்.

குமட்டலுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை குமட்டல் வருவதற்கு முன்னாலேயே சொன்ன நேரத்தில் போட வேண்டும். வந்தபின் போட்டால் பாதி வாந்தியில் போய்விடும். குமட்டலுக்குக் கொடுக்கும் ஒண்டான்செட்ரான் மாத்திரை மலத்தைக் கட்டும், அதனால் தண்ணீரும் கீரையும் கொய்யாவும் கூடவே போகட்டும். ஊசி நாளில் அக்காவுக்கு ரொம்பப் பிடித்த சாப்பாட்டைச் செய்யாதீர்கள். நெய்மீன் குழம்பு உயிர் என்றால் அதை வேறு நாளுக்கு வையுங்கள். அன்றைக்குச் சாப்பிட்டு வாந்தி வந்தால் அந்தக் குழம்பின் மேல் பல மாதங்களுக்கு வெறுப்பு நிற்கும். இட்லி, இடியாப்பம், தயிர் சோறு, வேகவைத்த உருளைக்கிழங்கு என்று வாசனை இல்லாததாக, ஆறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஆறு தடவை கொடுங்கள். தாளிக்கும்போது அக்கா அடுப்படியில் இருக்க வேண்டாம். வாயில் இரும்பு ருசி அடிக்கிறது என்றால் எவர்சில்வர் கரண்டியை மாற்றி மரக் கரண்டியோ கையோ. எலுமிச்சையும் புதினாவும் கைகொடுக்கும். வாய் புண்ணாகிவிட்டால் எலுமிச்சையை நிறுத்திவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் உப்பும் சமையல் சோடாவும் போட்டு நாளுக்கு நாலைந்து தடவை கொப்பளிக்கச் சொல்லுங்கள். கேப்பைக் கூழில் மோர் விட்டு, குழைந்த பருப்புச் சோற்றில் நெய் விட்டு, முட்டையை மசித்து என்று அந்த வாரம் ஓடும். சிவப்பு ஊசியோடு சேர்த்துக் கொடுக்கும் சைக்ளோபாஸ்பமைடு மூத்திரப்பையை எரிக்கும், அதனால் ஊசி போட்ட இரண்டு நாளும் தண்ணீர் அதிகம் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும்.

இனி கண்ணாடி. முடியைத்தான் முதலில் பேச வேண்டும், மதுரையில் அது வெறும் முடி இல்லை. மல்லி விளையும் ஊரில், விடியற்காலையில் குளித்து ஒரு முழம் வைக்காமல் வாசல் தாண்டாத பெண்கள் இருக்கும் ஊரில், பூ வைக்கத் தலையில் ஒன்றுமில்லை என்றால் அழகு போனதோடு அது நிற்பதில்லை. சுமங்கலிக்கு உரிய ஒன்று கையைவிட்டுப் போனதாகத் தோன்றுகிறது. கணவர் உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்க, விசேஷ வீட்டில் பூத்தட்டு தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்து உடைந்துபோன பெண்கள் என்னிடம் பேசியிருக்கிறார்கள். அக்காவிடம் "முடிதானே, வளர்ந்துடும்" என்று யாரும் சொல்ல வேண்டாம். வளரும் என்பது உண்மை. கடைசி ஊசி முடிந்து ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் முளைக்க ஆரம்பிக்கும், முதலில் சுருளாகவோ நரைத்தோ வரலாம். ஆனால் இன்றைய இழப்பு இன்றைக்குப் பெரியது. முதலில் அதை ஒப்புக்கொள்ளுங்கள். தேதியை அப்புறம் சொல்லலாம்.

தலையை மூடுவதற்குச் சுங்குடிச் சேலையைவிட நல்ல துணி எனக்குத் தெரியவில்லை. பழைய சுங்குடி துவைத்துத் துவைத்து மெத்தென்று இருக்கும். ஒன்றரை மீட்டர் கிழித்தால் தலைக்குக் கட்ட அழகாக உட்காரும், வேர்வையை உறிஞ்சும், உள்ளே இருக்கும் தோலை உரசாது. அந்தத் துணியின் முடிச்சில் ஒரு சரம் பூவைச் செருகிக்கொள்ளலாம். பல பெண்கள் அப்படிச் செய்கிறார்கள், நன்றாகவே இருக்கிறது. ஊசி போட்ட முதல் சில நாட்களுக்கு மல்லி வாசமே குமட்டலாம், அப்போது வற்புறுத்தாதீர்கள். விக் வாங்குவதென்றால் சித்திரை வெயிலை நினைத்து வாங்குங்கள், செயற்கை முடியில் தலை வெந்துவிடும். கல்யாணம், காதுகுத்துக்கு ஒரு மணி நேரம் போட்டுக்கொள்ள மட்டும் என்றால் சரி. பழனிக்கு முடி கொடுத்ததாகச் சொல்லிக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பார்கள். யாரிடம் என்ன சொல்வது என்பது முழுக்க அக்காவின் உரிமை. அவர் அப்படிச் சொன்னால் நீங்களும் அதையே சொல்லுங்கள்.

மார்பு எடுத்த இடத்துக்கும் வழி இருக்கிறது. ஆறும்வரை மெல்லிய பருத்தித் துணியில் பஞ்சு வைத்துத் தைத்ததைப் பயன்படுத்தலாம். காயம் நன்றாக ஆறி, டாக்டர் சரி என்றபின் சிலிக்கான் பேட் வாங்கலாம், அதற்கு மார்பின் கனம் இருப்பதால் தோள் ஒரு பக்கம் சாயாது. உங்கள் தெரு டெய்லரிடமே பிளவுஸின் உள்பக்கம் ஒரு பை வைத்துத் தைக்கச் சொன்னால் போதும். ஆண் டெய்லரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் நீங்கள் அளவு பிளவுஸைக் கொண்டுபோய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். புது பிளவுஸில் இடது கையைத் தளர்வாக வைக்கச் சொல்லுங்கள். அக்குளில் நெறிக்கட்டி எடுத்திருந்தால் அந்தக் கை வீங்க வாய்ப்பு உண்டு. இறுக்கமான வளையலை மற்ற கைக்கு மாற்றிவிடலாம். இரத்தம் எடுப்பதையும் பிரஷர் பார்ப்பதையும் முடிந்தவரை வலது கையிலேயே செய்யச் சொல்லுங்கள்.

நிறமும் மாறும். நகம் கருக்கும், உள்ளங்கையிலும் நாக்கிலும் கருந்திட்டு வரும். மருந்து முடிந்தபின் மெதுவாக மங்கும். பார்க்க வருபவர்களில் ஒருவராவது "என்னம்மா இப்படிக் கருத்துட்ட?" என்பார், அடுத்தவர் "நோயாளி மாதிரியே இல்ல, நல்லா உடம்பு வச்சிருக்க" என்பார். இரண்டும் அக்காவின் மனதில் ஒரு வாரம் நிற்கும். அந்தப் பேச்சு அக்காவிடம் போய்ச் சேராமல் தடுக்க வேண்டியது வீட்டு ஆட்களின் வேலை. வாசலிலேயே "உடம்பைப் பத்தி எதுவும் கேக்காதீங்க, வேற பேசுங்க" என்று சொல்லிவிடுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்கும் வீடுகளை இன்னும் பார்க்கிறேன். இந்த நோய் தொற்றாது. ஊசிக்குப் பின் இரண்டு நாள் வரை வாந்தியையும் சிறுநீரையும் சுத்தம் செய்பவர் கையுறை போட்டுக்கொண்டால் போதும், கக்கூஸில் தண்ணீரை நிறைய ஊற்றினால் போதும். அவர் சாப்பிட்ட தட்டை வழக்கம்போலக் கழுவி அதே அலமாரியில் வையுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் படுக்கலாம், கட்டிப்பிடிக்கலாம். பிள்ளைகளுக்குச் சளி காய்ச்சல் இருந்தால் மட்டும் கொஞ்சம் தள்ளி இருக்கட்டும். அக்கா வீட்டுக்காரரிடமும் யாராவது பேச வேண்டும். தொட்டால் வலிக்குமோ என்று பயந்து பல ஆண்கள் விலகிப் படுக்கிறார்கள். மனைவியோ அதை அருவருப்பு என்று எடுத்துக்கொள்கிறார். இருவருமே வாய் திறப்பதில்லை. "பக்கத்துல உக்காந்து தலையில எண்ணெய் தடவிக் கொடுங்க" என்று சொன்னால் போதும், சுத்தமான தேங்காய் எண்ணெய் அந்தத் தலைத் தோலுக்கும் நல்லது. இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமில்லை, எதிலும் ஒட்டுதலில்லை, செத்தால் தேவலை என்ற பேச்சு வருகிறது என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

தசையைக் காப்பாற்றப் புரதம் மட்டும் போதாது, அதற்கு வேலை கொடுக்க வேண்டும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதைப் பத்து முறை, காலையும் மாலையும். முடிகிற நாளில் வெயிலுக்கு முன் அரை மணி நேரம் நடை. மதுரைக்கு வந்து தங்கும் நாட்களில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் நடக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், துண்டு கட்டிய தலையோடு நடந்தால் அங்கே யாரும் நின்று பார்ப்பதில்லை. கவுண்ட் குறைந்த நாட்களில் கூட்டம் வேண்டாம், மொட்டை மாடியே போதும். அசதிக்கு நடையைப்போல மருந்து இல்லை என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் "நீ படு, நான் பாத்துக்கிறேன்" என்று எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். கீரை ஆய்வதும் துணி மடிப்பதும் அவரிடம் இருக்கட்டும்.

அடுத்து வரும் வாராந்திர ஊசி பெரும்பாலும் பக்லிடாக்சலாக இருக்கும். வாந்தி குறையும். ஆனால் சிவப்பு ஊசியில் தப்பித்த புருவமும் கண் இமையும் அதில் உதிரலாம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, முடிதான் ஏற்கெனவே போய்விட்டதே என்று அதுவரை தேறி வந்தவர் புருவம் போனதும் திரும்ப ஒடுங்கிவிடுகிறார். இப்போதே சொல்லி வையுங்கள், ஒரு புருவ பென்சில் வாங்கி வையுங்கள். ஸ்டிக்கர் பொட்டின் பசை தோலை அரித்தால் குங்குமத்துக்கு மாறிவிடலாம். விரல் நுனியும் பாதமும் மரத்துப்போகும். அடுப்பிலிருந்து பாத்திரத்தை வெறும் கையால் இறக்கும் பழக்கத்தை விட வேண்டும், சூடு தெரியாமல் கை வெந்துவிடும். வீட்டுக்குள்ளும் செருப்பு போடட்டும். மரத்துப்போவது அதிகமானால் டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

கடைசியாக அத்தை. நீங்கள் போய் "டாக்டர் திட்டுவாரு" என்று சொன்னால் அவர் அடங்கிப்போவார், ஆனால் மனதுக்குள் நம்பமாட்டார். அடுத்த ஊசிக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் இருந்தால் அவர் முன்னால் உட்கார வைத்து, முட்டை, மீன், பால் ஒவ்வொன்றையும் கேட்கச் சொல்லுங்கள். வீட்டில் கொடுத்த இலைச் சாறு, கஷாயம் எல்லாவற்றையும் மறைக்காமல் அங்கே சொல்லுங்கள், டாக்டருக்கு ஈரல் பரிசோதனையைப் படிக்க அது தேவைப்படும். சிறுநீரகக் கோளாறோ சர்க்கரையோ இருந்தால் நான் சொன்ன புரத அளவு மாறும், அதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் சமையலை அத்தையிடமே விடுங்கள், பாசிப்பயறுக் குழம்பும் மீன் குழம்பும் அவர் கைப்பக்குவத்தில் வைத்தால்தான் அக்கா இரண்டு வாய் கூடச் சாப்பிடுவார்.